கண்ணாடியைக் கொடு, நீ பேசுவது கேட்கவில்லை!

வாசகர் கேள்வி-பதில் பகுதிக்கு இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை வயதான பெற்றோரின் கண், காது பற்றியவை. ஒரு கண் மருத்துவரும் ஓர் ஆடியாலஜிஸ்டும் (கேட்கும் திறனைச் சோதித்து, காது மெஷின் பொருத்தும் நிபுணர்) சேர்ந்து பதில் தருகிறார்கள்.

என் அம்மாவுக்கு 74 வயது. இரண்டு கண்ணிலும் புரை. எதிரில் உட்கார்ந்து பேசினால் சரியாகப் பதில் சொல்கிறார். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதிலே இல்லை. கொஞ்ச நாளாக, "கண்ணாடியைக் கொடு, நீ பேசறது கேக்கலை" என்கிறார். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். புரை ஆபரேஷன் செய்தால் காதும் சரியாகிவிடுமா?
– மயிலாப்பூரிலிருந்து ஒரு மகள்

சிரிக்க வேண்டாமென்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உங்கள் அம்மா சொல்வது அப்படியே உண்மை. அவர் பாதி காதாலும் பாதி கண்ணாலும்தான் கேட்கிறார்.

வயதாகும்போது காது எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் இழப்பதில்லை. உட்காதில் உள்ள நுண் மயிர்ச்செல்களில், கீச்சென்ற மேல் ஒலிகளைப் பிடிப்பவை முதலில் கெடுகின்றன. போன செல் திரும்ப முளைக்காது. நம் பேச்சில் உயிரெழுத்துகள் கனமான கீழ் ஒலிகள். அவை கடைசி வரை கேட்கும். க, ச, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளம் மேல் ஒலியில், அதுவும் கண நேரமே வந்து போகும். பெயர் வல்லினம்தான், ஆனால் முதிய காதுக்கு முதலில் தொலைவது அதுவே. "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியலை" என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இது.

இங்கேதான் கண் கைகொடுக்கிறது. 'பல்', 'கல்' இரண்டும் மந்தமான காதுக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் 'ப' சொல்லும்போது உதடு மூடித் திறப்பதைக் கண் பார்த்துவிடும். 'க' சொல்லும்போது உதடு சும்மா இருக்கும். மறுபக்கம், 'படம்', 'மடம்' இரண்டுக்கும் உதட்டசைவு ஒன்றேதான், கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் 'ம'வின் மூக்கொலி கீழ் ஸ்தாயியில் இருப்பதால் மந்தமான காதும் அதைப் பிடித்துக்கொள்ளும். காது தவறவிடுவதைக் கண்ணும், கண் தவறவிடுவதைக் காதும் பார்த்துக்கொள்கின்றன. இந்த ஏற்பாடு பல வருடம் சத்தமில்லாமல் நடக்கும். அம்மாவுக்கே தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கண்ணில் புரை விழுந்து உதடு மங்கலாகும்போதுதான் காதின் குறை வெளியே வருகிறது.

ஆபரேஷன் காதைச் சரிசெய்யாது. ஆடியோகிராமில் (காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் பரிசோதனை) ஒரு டெசிபல்கூட மாறாது. ஆனால் முகம் தெளிவாகத் தெரிவதால் பேச்சு முன்பைவிடப் புரியும். அதைப் பார்த்து, "காது சரியாயிடுச்சு" என்று இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். மின்விசிறி, டிவி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அம்மாவுக்கு எதிரே ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் பத்துச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்: பால், கால், தாள், வால், நாள், பல், கல், சொல், நெல், வில். பிறகு வாய்க்கு ஒரு சாண் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, வரிசையை மாற்றி, அதே குரலில் சொல்லுங்கள். காகிதத்தை உதட்டில் ஒட்டிப் பிடிக்கக் கூடாது, ஒலியே அமுங்கிவிடும். இரண்டாவது முறை மூன்று, நான்கு சொற்கள் கூடுதலாகத் தவறினால் ஆடியோகிராம் எடுத்தே ஆக வேண்டும். தவறவில்லை என்றாலும், 65 வயதுக்கு மேல் ஒருமுறை எடுத்து வைப்பது நல்லது. போகும் முன் காதுக் குறும்பியை ஈ.என்.டி. மருத்துவரிடம் எடுத்துவிடுங்கள். குறும்பி அடைத்த காதில் எடுத்த ஆடியோகிராம் வீண்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷனும் காது மெஷினும் இரண்டும் தேவை என்கிறார்கள். எதை முதலில் செய்வது?
– அண்ணா நகர் வாசகர்

எங்கள் கருத்து: காது மெஷினை முதலில் தொடங்குங்கள், அல்லது ஆபரேஷன் தேதிக்கு முன்பே குறும்பி எடுத்து, ஆடியோகிராம் பார்த்து, மெஷின் பழக ஆரம்பித்துவிடுங்கள். மெஷின் ஒலிக்கு மூளை பழக வாரக்கணக்கில் ஆகும். முதல் வாரம் தினம் இரண்டு மூன்று மணி நேரம், வீட்டுக்குள், ஒருவரோடு ஒருவர் பேசும்போது மட்டும். பிறகு மெல்லக் கூட்டலாம். அது பழகியிருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு நர்ஸ் சொல்லும் சொட்டு மருந்துக் கணக்கு அப்பாவின் காதிலேயே விழும். "ஆமாம் ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து முழிக்க வேண்டியிருக்காது.

ஆபரேஷன் நாளில் கவனிக்க வேண்டியவை சில. இப்போது பெரும்பாலும் சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே புரை எடுக்கிறார்கள். "லைட்டையே பாருங்க, அசையாதீங்க" என்று டாக்டர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். முகத்தின் மேல் துணி போர்த்தியிருக்கும், உதடு தெரியாது. ஆபரேஷன் பக்கத்து மெஷினைக் கழற்றச் சொல்வார்கள், ஏனென்றால் கண்ணைக் கழுவும் திரவம் காதுப் பக்கம் வழியும். காது கேளாமையை முன்கூட்டியே சொல்லி, மற்ற காதில் மெஷினை விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் சைகை பேசிக்கொள்ளுங்கள்: தோளில் ஒரு தட்டு என்றால் அசையாதே, இரண்டு தட்டு என்றால் முடிந்தது. அப்பாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தலையைத் திருப்பாமல் பக்கத்தில் இருப்பவரின் கையை அழுத்தலாம். இதை முந்தின நாளே அப்பாவிடம் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

பிறகு சொட்டு மருந்து. எல்லாப் பாட்டிலும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. முதல் மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரண்டாவதற்கு இரண்டு என்று சுற்றிவிடுங்கள்; விரலே சொல்லிவிடும். இரண்டு மருந்துக்கு நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி. காதுக்கு விடும் சொட்டு மருந்தை அந்த வாரங்களில் வேறு அறையில் வையுங்கள். காது மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. அப்படி நேர்ந்தால் சுத்தமான தண்ணீரால் பதினைந்து நிமிடம் கண்ணை அலசிவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு கண் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கண்ணாடி, காது மெஷின், முகக்கவசம் மூன்றும் ஒரே காதுக்குப் பின்னால் தொங்குகின்றன. எதைக் கழற்றினாலும் மெஷின் கீழே விழுகிறது. பார்வையும் மங்கல், பேட்டரி மாற்ற முடியவில்லை. எனக்கு வயது 79.
– பெரம்பூர் வாசகர்

ஐயா, முதலில் கண்ணாடி, பிறகு மெஷின் என்ற வரிசை பலருக்கு ஒத்துவருகிறது. கண்ணாடிக் காம்பு மண்டை ஓட்டை ஒட்டி உட்கார்ந்தபின், அதற்கு வெளியே மெஷினை வையுங்கள். காம்பு தடித்த பிளாஸ்டிக்காக இருந்தால் இடம் போதாது. மெல்லிய உலோகக் காம்புள்ள ஃப்ரேமுக்கு மாறுங்கள். கழற்றும்போது ஒரு கையால் இழுக்காமல், இரு கையாலும் இரு காம்பையும் பிடித்து நேராக முன்பக்கம் எடுங்கள். முகக்கவசம் காதில் மாட்டும் வகை வேண்டாம், தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடும் வகை வாங்குங்கள். மெஷினுக்குச் சட்டைக் காலரில் கிளிப் போடும் கயிறு கிடைக்கிறது. பஸ்ஸில் விழுந்து தொலைவதை அது தடுக்கும்.

இனி பேட்டரி. சின்க்-ஏர் பேட்டரிகள் நான்கு அளவில் வரும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். இந்த நிற ஏற்பாடு கண்புரை உள்ளவருக்கு உதவாது. புரை விழுந்த லென்ஸே மஞ்சளித்துப்போகும், அதன் வழியே மஞ்சளும் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரியும், நீலம் கறுப்பாகத் தெரியும். வலது மெஷினுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம் என்ற குறியும் அதே கதிதான். வலது மெஷினின் முதுகில் தடவினால் தெரியும்படி ஒரு சின்னப் புடைப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். மைக் துளையை அது மூடக் கூடாது, அதனால் ஆடியாலஜிஸ்டே ஒட்டட்டும்.

பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே உள்ளே போட வேண்டாம். காற்றில் உள்ள ஆக்சிஜன் உள்ளே போனால்தான் அது மின்சாரம் தரும். ஒரு நிமிடமாவது தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டுப் போடுங்கள். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டுவதால் பேட்டரி மிச்சமாகாது. ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டாம், ஈரம் கோத்துக்கொள்ளும்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம். பேட்டரியை மாத்திரை டப்பாவின் அருகில் வைக்கவே கூடாது. மங்கிய கண்ணுக்கும் மரத்த விரலுக்கும் இரண்டும் ஒன்றுதான். பழைய பேட்டரியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பிறகு மாத்திரையென்று விழுங்கியவர்கள் இருக்கிறார்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க முயல வேண்டாம். உடனே மருத்துவமனை, உடனே எக்ஸ்ரே. உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்தில் அரித்துப் புண்ணாக்கிவிடும். பேரக் குழந்தை மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் அதே அவசரம்.

உங்கள் நிலையில், அடுத்த மெஷின் வாங்கும்போது சார்ஜ் செய்யும் வகையையே கேளுங்கள். பெட்டியில் வைத்தால் காந்தத்தால் தானே சரியாக உட்கார வேண்டும். அதை கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள். காதுக்குள் மறையும் சின்ன மெஷின் அழகாக இருக்கும், ஆனால் பார்வை குறைந்தவர் அதைத் தேடியே நாளைக் கழிப்பார். காதுக்குப் பின்னால் உட்காரும் வகைதான் கைக்கு அகப்படும். விரல் நடுக்கமும் சேர்ந்திருந்தால், சட்டைப் பையில் வைக்கும் பெரிய பாக்கெட் மெஷினை மட்டமாக நினைக்காதீர்கள். பெரிய குமிழ், சாதாரண பென்சில் பேட்டரி, தடவியே எல்லாம் தெரியும்.

மெஷின் ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் வைத்து மூடுங்கள். பெரும்பாலான மெஷின்கள் கீச்சென்று விசிலடிக்கும், அது உங்கள் காதில் படாவிட்டாலும் வீட்டார் கேட்டுச் சொல்வார்கள். விசில் இல்லையென்றால் பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது நுனியில் உள்ள குறும்பித் தடுப்பு அடைத்திருக்கலாம். ரிப்பேர் என்று வருபவற்றில் நிறைய இந்தத் தடுப்பு அடைப்புதான். சென்னை வியர்வைக்கு இன்னொரு வேலையும் உண்டு: இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் மெஷினை வைக்க வேண்டும். ஜெல் நிறம் மாறியதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பேரனிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

கண்ணும் காதும் சேர்ந்து கெடுவதற்குப் பொதுவான காரணம் உண்டா? எனக்கு 20 வருடமாகச் சர்க்கரை.
– வண்ணாரப்பேட்டை வாசகி

வயது பொதுக்காரணம். அதற்கு மேல், விழித்திரையும் உட்காதும் அதிகச் சக்தி கேட்கும் திசுக்கள், இரண்டுக்கும் ரத்தம் போவது மாற்று வழியில்லாத மெல்லிய குழாய்களில். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை மூன்றும் அந்தக் குழாய்களைக் கெடுப்பவை. அதனால் கண்ணில் சர்க்கரைப் பாதிப்பு இருப்பதாகத் தெரிந்தால் காதையும் பாருங்கள். வருடம் ஒருமுறை கண் பாப்பாவை விரித்து விழித்திரை பார்ப்பதோடு ஆடியோகிராமையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மருந்துகளும் உண்டு. அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் ஊசிகள் காதையும் உடலின் சமநிலையையும் தாக்கலாம். காசநோய்க்குக் கொடுக்கும் எத்தாம்பியூட்டால் கண் நரம்பைத் தாக்கலாம். மூட்டுவாதத்துக்கான ஹைட்ராக்சி குளோரோகுயினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். ஸ்டீராய்டு நீண்ட நாள் போனால் புரையும் கண் அழுத்தமும் வரலாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கண், காது இரண்டும் ஏற்கெனவே பலவீனம் என்பதை மருந்து எழுதுபவரிடம் சொல்லுங்கள், அது போதும்.

என் மாமியாருக்கு மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) கெட்டு நடுப்பார்வை போய்விட்டது, காதும் மந்தம். ஒரு மாதமாக, "கூடத்துல பாவாடை கட்டின குழந்தைங்க உக்காந்திருக்கு" என்கிறார். ராத்திரியில் கல்யாண வீட்டு நாதஸ்வரம் கேட்கிறதாம். மற்றபடி தெளிவாகத்தான் இருக்கிறார். மந்திரிக்க வேண்டும் என்கிறார்கள் உறவினர்கள்.
– வில்லிவாக்கத்திலிருந்து ஒரு மருமகள்

மந்திரிக்க வேண்டாம். பயப்படவும் வேண்டாம். கண்ணிலிருந்து வரும் செய்தி குறைந்துபோனால் மூளையின் பார்வைப் பகுதி தானாகவே படம் வரைய ஆரம்பிக்கும். ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் போனே என்பவர் 1760இல், பார்வை குறைந்த தன் தாத்தாவுக்கு ஆட்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்ததை எழுதி வைத்தார். அவர் பெயரிலேயே இதைக் குறிப்பிடுகிறார்கள். காது குறையும்போது பாட்டாக, மேளமாகக் கேட்பதும் அதே வகை. பழகிய பாட்டாகவே பெரும்பாலும் இருக்கும்.

பலர் இதை வெளியே சொல்வதே இல்லை, பைத்தியம் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம். மாமியார் உங்களிடம் சொன்னதே பெரிய விஷயம். "அது கண்ணு பண்ற வேலை அத்தை, உங்க மனசுக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லுங்கள். உருவம் தெரியும்போது விளக்கைப் போடலாம், பார்வையை இடமும் வலமுமாகச் சில முறை வேகமாக நகர்த்தலாம், எழுந்து வேறு அறைக்குப் போகலாம், பெரும்பாலும் கலைந்துவிடும். நாதஸ்வரத்துக்கு, இரவில் வானொலியைச் சன்னமாக ஓடவிடுவது உதவும். நிசப்தத்தில்தான் அது கூடும். பகலில் மெஷின் போட்டுக்கொண்டால் குறையும்.

ஆனால் ஒன்று. உருவங்கள் அவரிடம் பேசினால், அவை நிஜம் என்று அவர் நம்பினால், பகலில் குழப்பமும் தூக்கமும் சேர்ந்தால், அல்லது இரண்டு மூன்று நாளில் திடீரென்று ஆரம்பித்திருந்தால், அது வேறு. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, புது மாத்திரை, சில வகை மறதி நோய் எல்லாம் இப்படிக் காட்டும். மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பம் என்று ஒரு பரிசோதனையில் சொன்னார்கள். ஆனால் அன்று அவர் காது மெஷினே போடவில்லை.
– வேளச்சேரி வாசகர்

அப்படியென்றால் அந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். "மூன்று சொற்களை நினைவில் வையுங்கள்" என்று சொன்ன சொற்களே காதில் விழாதவர் எதை நினைவில் வைப்பார்? "இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள்" என்றால் படம் தெரிய வேண்டாமா? மெஷின், படிக்கும் கண்ணாடி இரண்டும் போட்டு, நல்ல வெளிச்சத்தில், சத்தமில்லாத அறையில் செய்யச் சொல்லுங்கள்.

உண்மையான தொடர்பும் இருக்கிறது. மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் மாற்றிக்கொள்ளக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் 14ஐப் பட்டியலிட்டது. காது கேளாமை முன்பே அதில் இருந்தது. சிகிச்சை செய்யாத பார்வைக் குறை அந்த வருடம்தான் சேர்ந்தது. மெஷின் போட்டால் மறதி நின்றுவிடும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ளவர்களிடம் மூன்று வருடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மொத்தமாகப் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. வயது கூடி, ஆபத்துக் காரணங்களும் அதிகமாக இருந்த பிரிவினரிடம் மட்டும் மெஷினும் பயிற்சியும் பெற்றவர்களின் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் மெதுவாக இருந்தது.

அப்பா மருத்துவமனையில் அட்மிட் ஆனால் இன்னொன்று கவனியுங்கள். ஐ.சி.யு.வில் கண்ணாடியையும் மெஷினையும் கழற்றிக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுவார்கள். கண்ணும் காதும் இல்லாமல் முன்பின் தெரியாத இடத்தில் படுத்திருக்கும் பெரியவர் இரண்டாம் நாளே உளற ஆரம்பிக்கலாம். அவர் விழித்ததும் இரண்டையும் திரும்ப மாட்டிவிட நர்ஸிடம் கேளுங்கள், பெயர் எழுதிய டப்பாவோடு.

எனக்கு கிளாகோமா, பக்கவாட்டுப் பார்வை குறைவு. காது மெஷினும் போடுகிறேன். தாம்பரத்தில் ரோடு தாண்டும்போது வண்டி எந்தப் பக்கம் வருகிறதென்றே தெரிவதில்லை.
– தாம்பரம் வாசகர், 71

உங்கள் ஆடியாலஜிஸ்டுக்கு உங்கள் கண் நிலவரம் தெரியுமா? தெரிந்திருக்காது என்றே நினைக்கிறோம். இப்போதைய மெஷின்கள் எதிரில் இருப்பவர் பேச்சை எடுத்து, பின்னாலும் பக்கத்திலும் வரும் ஒலியை அமுக்கும்படி அமைக்கப்படுகின்றன. கண் நன்றாக உள்ளவருக்கு அது வசதி. பக்கவாட்டில் தெரியாத உங்களுக்கு, பின்னால் வரும் ஆட்டோவின் ஒலிதான் கண். நடக்கும்போது எல்லாப் பக்கமும் சமமாக எடுக்கும் ஒரு புரோகிராம், பேசும்போது முன்பக்கம் எடுக்கும் ஒரு புரோகிராம் என்று இரண்டு போட்டு, பொத்தானை அமுக்கினால் மாறும்படி செய்து தரச் சொல்லுங்கள். எந்தப் புரோகிராமில் இருக்கிறீர்கள் என்று தெரிய ஒரு பீப், இரண்டு பீப் வைக்கலாம்.

திசை தெரிய இரண்டு காதும் வேண்டும். ஒலி இரு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் பலத்தையும் வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. ஒரு மெஷின் மட்டும் போட்டுக்கொண்டு ரோடு தாண்டாதீர்கள். சத்தமில்லாத மின்சார ஸ்கூட்டர்கள் எந்த மெஷினுக்கும் சிக்காது, எனவே சிக்னல் உள்ள இடத்தில், தலையை முழுதாக இரு பக்கமும் திருப்பிப் பார்த்தபின்பே கடக்க வேண்டும். பார்வை இன்னும் குறைந்தால் கைத்தடி எடுக்கத் தயங்காதீர்கள். வெள்ளையில் சிவப்புப் பட்டை போட்ட தடி, கண்ணும் காதும் இரண்டும் குறைந்தவர் என்பதற்குப் பல நாடுகளில் உள்ள அடையாளம்.

படிக்கட்டில் ப்ரோக்ரஸிவ், பைஃபோகல் கண்ணாடி ஆபத்து. கீழே பார்க்கும்போது படிக்கும் லென்ஸ் வழியே படி மங்கும். வெளியே நடக்கத் தூரப்பார்வைக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் படிகள் ஒரே நிறக் கிரானைட் என்றால் ஒவ்வொரு விளிம்பிலும் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு மஞ்சள் டேப் ஒட்டுங்கள்.

அரசின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், உதவி எங்கே கிடைக்கும்? அம்மாவுக்குக் கண்ணில் 30 சதவீதம், காதில் 30 சதவீதம் என்றார்கள். 40 இல்லாததால் கிடைக்காது என்று ஒருவர் சொன்னார்.
– கொரட்டூர் வாசகி

அவர் சொன்னது தவறு. இரண்டு குறைகள் இருந்தால் மருத்துவக் குழு சேர்த்துக் கணக்கிட வேண்டும். 90இலிருந்து பெரிய சதவீதத்தைக் கழித்து, வருவதைச் சிறிய சதவீதத்தால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரிய சதவீதத்தோடு கூட்ட வேண்டும். அம்மாவுக்கு: 60ஐ 30ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 20, அதோடு 30, மொத்தம் 50. 40ஐத் தாண்டிவிட்டது. தனித்தனி அறையில் தனித்தனிச் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவதால்தான் பலர் இதை இழக்கிறார்கள். விண்ணப்பத்திலேயே இரண்டு குறைகளையும் குறிப்பிடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பல்வகைக் குறைபாடுகளையும், அதில் கண்-காது இரண்டும் சேர்ந்த குறையையும் அங்கீகரிக்கிறது.

இடங்கள்: கண்ணுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, 1819 முதல் இயங்குவது. காதுக்குச் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் ஈ.என்.டி. பிரிவு. முதுமைக்கென்றே கிண்டியில் தேசிய முதியோர் நல மையம். இரண்டு குறையும் சேர்ந்தவர்களின் பயிற்சிக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அந்தப் பெயரே பலருக்குத் தெரியவில்லை என்பது எங்கள் வருத்தம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள 60 வயது கடந்தவர்களுக்குக் கண்ணாடி, காது மெஷின் முதலியவற்றை இலவசமாகத் தரும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017இல் தொடங்கியது. வழி தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் எத்தனை நாள் பார்க்கலாம்?
– ராயபுரம் வாசகர்

ஒரு நாள்கூட வேண்டாம். ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் போனால் பலன் மிகக் குறைவு. கண் திடீரென்று இருண்டாலோ, திரை விழுந்தது போலிருந்தாலோ, மின்னலடித்துக் கரும்புள்ளிகள் கொட்டினாலோ அதே மணிநேரத்தில் கிளம்புங்கள்.

என் தாத்தாவுக்கு 91. இரண்டு காதும் ஏறக்குறையக் கேட்காது, நிழல் மட்டும்தான் தெரியும். எப்படிப் பேசுவது?
– திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு பேத்தி

கத்த வேண்டாம். கத்தும்போது வாய் கோணும், ஒலியும் சிதறும், கெட்ட காதுக்கு வலிக்கவும் செய்யும். கிட்டே போய், முதலில் அவர் புறங்கையைத் தொடுங்கள். யாரென்று தெரிய ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் வையுங்கள். உங்களுக்கு வளையல், அப்பாவுக்குக் கடிகாரம், அவரே தடவிப் பார்த்துக்கொள்வார். கொஞ்சமாவது கேட்கும் காது எதுவென்று பார்த்து, அதற்கு ஒரு சாண் தூரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, நிதானமாகப் பேசுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் அந்த நிழலும் தெரியாது. புரியாவிட்டால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல் போடுங்கள்: 'சாதம்' விழவில்லையா, 'சோறு' என்று சொல்லிப் பாருங்கள். 'அறுபது', 'எழுபது' போன்ற எண்கள் எப்போதும் குழப்பும்; 'ஆறு, பூஜ்யம்' என்று பிரித்துச் சொல்லுங்கள்.

அதுவும் போதாதபோது உள்ளங்கையில் எழுதலாம். அவர் கையை உங்கள் இடது கையில் தாங்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலால், ஒரே இடத்தில், ஓர் எழுத்தின் மேல் அடுத்த எழுத்தாக, உள்ளங்கை முழுவதும் பெரிதாக எழுதுங்கள். ஒரு எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சிறு இடைவெளி. ஒரு சொல் முடிந்தால் உள்ளங்கையை ஒருமுறை துடைப்பதுபோல் தடவுங்கள். 'லை', 'னா' போன்றவற்றை அவர் பள்ளியில் படித்த பழைய வடிவிலும் எழுதிப் பாருங்கள், சிலருக்கு அதுதான் சட்டென்று பிடிபடும். புரிந்தது என்பதற்கு அவர் ஒரு தட்டு, இல்லை என்பதற்கு இரண்டு. முதல் நாள் இரண்டே சொற்கள் போதும்: அவர் பெயரும் உங்கள் பெயரும்.